காலி நாற்காலிக்கும் சீட்டு

சீட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார் குணேஸ்வரி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணி, அதில் ஒரு சொட்டு டெட்டால். ராஜா ராணிக்கும் விலக்கு இல்லை. முன்னால் ஒரு துடைப்பு, பின்னால் ஒரு துடைப்பு, பிறகு மின்விசிறிக்கு நேராக விரித்த துண்டின் மேல் வரிசையாகக் காயப் போடுகிறார். பிளாஸ்டிக் சீட்டாக இருப்பதால் தாங்குகிறது. காகிதமாக இருந்தால் இந்நேரம் கூழாகியிருக்கும்.

“கை கழுவிட்டு வாங்க ரைட்டர்,” என்றார் என்னைப் பார்த்து. நான் செருப்பைக்கூடக் கழற்றி முடிக்கவில்லை. “நான் விளையாட வரலீங்க, பார்க்கத்தான்,” என்றேன். “பார்க்க வர்றவங்கதான் முதல்ல தொடுவாங்க. அந்தா இருக்கு பைப்பு.”

கிள்ளானில் ஒரு சாதாரண வரிசை வீடு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதன் கார் நிறுத்துமிடம் போக்கர் மண்டபமாகிவிடுகிறது. காரை வெளியே தெருவுக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணியிடம் வாங்கிய இரண்டு மாஜோங் மேசைகளை உள்ளே போடுகிறார்கள். மேலே பச்சைத் துணி. சேலைக்கடையில் ரவிக்கைத் துணிக்கான இடத்தில் நின்று, “சீட்டு வழுக்கணும், ஆனா ஓடக் கூடாது, அப்படித் துணி இருக்கா?” என்று இவர் கேட்டதில் கடைக்காரப் பெண் குழம்பிப் போய்த் தன் முதலாளியையே கூப்பிட்டுவிட்டாளாம். அந்தத் துணிக்கு இஸ்திரி போடாமல் ஒரு மாதமும் ஆட்டம் தொடங்கியதில்லை.

குணேஸ்வரிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குட்டையான உருவம், பூப்போட்ட நீளச் சட்டை, கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் மூக்குக்கண்ணாடி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து, ரயில்வேயிலேயே வேலை பார்த்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று சொல்லும் அறையில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெறும்வரை வீட்டில் போக்கர் என்ற பேச்சே கிடையாது. யாழ்ப்பாணத்துத் தாத்தாக்கள் கப்பலில் கொண்டுவந்த முன்னூற்று நாலுதான் அவர்கள் குடும்பத்துச் சீட்டாட்டம். அதில் பாதி ஆட்டம் கையில், பாதி ஆட்டம் வாயில். சத்தம் போடாதவன் ஆடத் தெரியாதவன்.

ஓய்வு பெற்ற புதிதில், கணவர் தியாகராசா குறட்டை விடும் மதியங்களில், கைப்பேசியில் எங்கோ வெளிநாட்டில் நடக்கும் போக்கர் போட்டிகளைப் பார்க்கத் தொடங்கினார். “ஆடுறவங்கள நான் பார்க்கல,” என்று என்னிடம் அழுத்திச் சொன்னார். “பின்னால ஒருத்தர் கோட்டு போட்டுக்கிட்டு நிப்பாரு பாருங்க. சண்டை வந்தா கூப்பிடுவாங்க. அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும், கோடீஸ்வரனும் வாயை மூடிக்குவான். அவரத்தான் பார்த்தேன்.” எல்லோருக்கும் வெல்பவர் மேல் ஆசை வரும். இவருக்கு நடத்துபவர் மேல் வந்துவிட்டது.

அதனால் இவர் ஆடுவதே இல்லை. சீட்டுப் போடுவார், நேரம் பார்ப்பார், தீர்ப்புச் சொல்வார். “நடத்துறவளே ஆடுனா அப்புறம் நடத்துறது யாரு?” தியாகராசாவும் ஆடக் கூடாது, வீட்டுக்காரர் என்பதால். பாவம், அவர் தேத்தண்ணீர் கலக்குபவராகவும் மின்விசிறியைத் திருப்புபவராகவும் இருக்கிறார். ஒருமுறை யாரோ ஒருவரின் பின்னால் நின்று அவர் கைச் சீட்டைப் பார்த்துவிட்டு “ஐயையோ” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அவருக்குச் சமையலறை வாசலில் தனி முக்காலி.

காசு கிடையவே கிடையாது. “காசு வெச்சா போலீஸ் வரும். போலீஸ் வரலன்னா சண்டை வரும்,” என்பது குணேஸ்வரியின் கட்சி. வெல்பவருக்கு நாலு அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு. அடுக்குகளில் அவர் கையால் வைத்த நண்டுக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், சோறு, பாயசம். வென்றவர் அடுத்த மாதம் அந்தக் கேரியரைத் தன் வீட்டுச் சமையலால் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். வெறுங்கேரியரைத் திருப்பிக் கொண்டுவந்த ஒரு பெரிய மனிதரை இரண்டு மாதம் யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லையாம்.

உட்காரும் இடத்தைக் குலுக்கலில்தான் எடுக்க வேண்டும். கணவன் மனைவிக்கு ஒரே மேசை விழுந்தால் செல்லாது. “கண்ணாலயே பேசிக்குவீங்க. எனக்குத் தெரியாதா?” வடையும் முறுக்கும் மேசையருகே தாராளமாக உண்டு, ஆனால் கையால் தொட்டுவிட முடியாது. எண்ணெய்க் கை சீட்டில் பட்டால் அந்தச் சீட்டுக்கு அடையாளம் வந்துவிடுமே! ஆகவே சீனர்களின் சாப்பாட்டுக் குச்சிகள். லாரி நிறுவனம் வைத்திருக்கும் நாகையா, மலைபோல் உட்கார்ந்துகொண்டு, இரண்டு குச்சிக்கு நடுவில் ஒரு மெதுவடையைப் பிடித்து வாய்வரை கொண்டுபோகும் காட்சியைப் பார்க்கவே டிக்கெட் போடலாம். பாதி வழியில் விழுந்தது. “அலாமக்!” என்று குனிந்தார். “விழுந்தது விழுந்ததுதான் நாகையா, ஆட்டத்தப் பாருங்க,” என்றது நடுவர் குரல்.

எனக்குப் போக்கர் தெரியாது. நாகையாதான் அடிப்படையைச் சொல்லிக் கொடுத்தார். “ரொம்ப ஈஸி லா தம்பி. ஒவ்வொரு கைக்கும், அதாவது ஒவ்வொரு சுத்து ஆட்டத்துக்கும், ரெண்டு பேரு, சீட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாலயே கொஞ்சம் சிப்ஸ், காசுக்குப் பதிலா இந்த வில்லைங்க, உள்ள வெக்கணும். அது டோல் மாதிரி. ரோட்டுல ஏறிட்ட இல்ல, கட்டித்தான் ஆகணும். இந்த கைக்கு நானு, அடுத்த கைக்குப் பக்கத்துல உள்ளவரு, அப்படியே சுத்திக்கிட்டே வரும். நேரம் போகப் போக டோலை ஏத்திக்கிட்டே இருப்பாங்க. சும்மா உட்கார்ந்திருந்தா டோலே உன்ன தின்னுடும்.”

அந்த ஏற்றத்தை அறிவிப்பது, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு மங்குஸ்தீன். மங்குஸ்தீன் பழ வடிவில் சமையலறைக் கடிகாரம். தலையைத் திருகி வைத்தால் டிக் டிக் என்று ஓடி, நேரம் முடிந்ததும் கத்தும். “நெக்ஸ்ட் லெவல்!” என்று குணேஸ்வரியும் கூடவே கத்துவார். அந்த மங்குஸ்தீன் ஓடத் தொடங்கிவிட்டால் எதற்காகவும் நிற்காது. சாரல் அடித்து மேசையை உள்ளே இழுத்த நாளிலும் ஓடியது. நாகையாவுக்குக் காலில் நரம்பு இழுத்து அலறிய நாளிலும் ஓடியது. “ரயில் யாருக்காகவும் நிக்காது,” என்று இவர் சொன்னபோது, முக்காலியிலிருந்து தியாகராசா முணுமுணுத்தார்: “ஸ்டேஷன்ல நிக்காத ரயில் எந்த ஊர்ல ஓடுது?” அம்மையார் காதில் விழாதது போல் இருந்துவிட்டார்.

வந்ததிலிருந்தே என் கண் ஒரு நாற்காலி மேல் இருந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் எல்லோருக்கும் போலவே அடுக்கிய சிப்ஸ், ஆனால் ஆள் இல்லை. குணேஸ்வரி அந்த நாற்காலிக்கும் ஒழுங்காகச் சீட்டுப் போட்டார். அதன் முறை வந்தபோது அந்தச் சீட்டுகளைத் திருப்பிப் பார்க்காமலே எடுத்துக் கழித்தார். டோல் முறை வந்தபோது அதன் அடுக்கிலிருந்து சிப்ஸை எண்ணி உள்ளே வைத்தார். ஏதோ பூசையில் படையல் வைப்பது போல இருந்தது.

“கிரி அங்கிள் சீட்,” என்று என் காதில் சொன்னாள் மாதவி. பெட்டாலிங் ஜெயாவில் வழக்கறிஞர். என்னை அழைத்து வந்ததே அவள்தான். கிரிதரன், குணேஸ்வரியின் ஒரே தம்பி. இந்தப் போட்டியைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். ஒன்றரை வருடமாக இந்த வாசற்படி மிதிக்கவில்லை.

நடந்தது இதுதான். அன்று கடைசியில் மிஞ்சியவர்கள் நாகையாவும் கிரிதரனும். நாகையா கொஞ்சம் சிப்ஸ் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். கிரிதரனிடம் நல்ல சீட்டு இல்லை. விட்டுக்கொடுக்கத்தான் போகிறார். தேத்தண்ணீர் எடுக்க எழுந்தபடியே, முன்னூற்று நாலு ஆடிய பழைய வாய் சும்மா இருக்குமா? “ஆல் இன் லா அண்ணே! வீட்டையும் சேர்த்து எடுத்துக்க!” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஆல் இன் என்றால் கையில் இருக்கும் அத்தனையையும் பந்தயம் வைக்கிறேன் என்று அர்த்தம். சிரிக்காதவர் ஒருவர் மட்டுமே. தூணில் ஒட்டியிருந்த சட்டத் தாளைக் காட்டினார்: வாயால் சொன்னது ஆடியதற்குச் சமம். “சொன்னா சொன்னதுதான். சிப்ஸ உள்ள தள்ளு,” என்றார் தம்பியிடம். கிரிதரன் அதையும் வேடிக்கை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சிரித்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். சிப்ஸைத் தள்ளினார். தோற்றார். “முன்னூத்தி நாலு ஆடுன வீட்டுல கோர்ட்டு நடத்துற நீ,” என்று சொல்லிவிட்டு வெளியேறியவர்தான். இரண்டு தீபாவளி வந்து போய்விட்டது. காசு வைக்காமலும் சண்டை வரும் போலிருக்கிறது.

“அந்த நண்டு எனக்கு இறங்கவே இல்ல தம்பி,” என்றார் நாகையா. கொஞ்சம் யோசித்து, “சாப்பிட்டேன். ஆனா இறங்கல,” என்றார்.

தீர்ப்பு சரிதானா என்று இடைவேளையில் மாதவியைக் கேட்டேன். சட்டப்படி நூற்றுக்கு நூறு சரி என்றாள். குணேஸ்வரியிடமே கேட்டுவிடலாம் என்று சமையலறைக்குப் போனேன். கேரியரின் அடுக்கில் நண்டுக் கறி ஊற்றிக்கொண்டிருந்தார். “சிரிச்சிக்கிட்டேதான் சொன்னான், எனக்கும் தெரியும்,” என்றார், கரண்டியை விடாமல். “வேற யாராச்சும் சொல்லியிருந்தா, இந்தத் தடவ போகட்டும்னு விட்டிருப்பேனோ என்னமோ. என் தம்பியாச்சே. விட்டா, அக்கா தம்பிக்கு விட்டுக்குடுத்துட்டான்னு ஒரு பேச்சு வரும் இல்ல?” அடுக்கின் விளிம்பில் வழிந்த குழம்பை விரலால் துடைத்தார். “ஊருக்குப் பயந்து அவன்கிட்ட மட்டும் ஒரு பிடி கூட பிடிச்சிட்டேன்.” எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, அந்த இடத்திலேயே அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

பேசியிருக்கலாமே, ஒரு போன் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். அக்காவும் தம்பியும் ஒரே அச்சு என்று தியாகராசா முக்காலியிலிருந்து பதில் சொன்னார். ஆனால் வாட்ஸ்அப் குழுவிலிருந்து கிரிதரன் வெளியேறவில்லை, அக்காவும் நீக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் தேதி போட்டதும் கிரிதரன் பெயரில் முதல் ஆளாக நீல டிக் விழும். அதனால் ஒவ்வொரு மாதமும் நாற்காலி போட்டு, சிப்ஸ் அடுக்கி, சீட்டும் போட்டார் குணேஸ்வரி. “பேர் குடுத்தவன் பேரை அவன்தான் எடுக்கணும். நான் எப்படி எடுக்கிறது?” ஒருமுறை நாகையா எடுத்த எடுப்பில் தோற்று வெளியேற, அந்தக் காலி நாற்காலி அவருக்குப் பிறகும் வெகுநேரம் தாக்குப்பிடித்ததாம். “ஆளே இல்லாம என்ன ஜெயிச்சவன் லா கிரி,” என்று இன்னும் புலம்புகிறார்.

இந்த மாதம் அதற்கும் கெடு வந்துவிட்டது. இரண்டு மேசைக்கு மேல் இடம் இல்லை. மாதவியின் கணவர் விமலன் உட்படச் சிலர் இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள். “ஆன்டி, கிரி அங்கிள் சீட் ஃப்ரீயா?” என்று மாதவிதான் குழுவில் பணிவாகக் கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் சொல்லியே பழகிவிட்ட குணேஸ்வரி, குழுவிலேயே எழுதினார்: இந்த மாதம் கிரிதரன் வந்து உட்கார்ந்து ஒரு கையாவது ஆட வேண்டும். அவர் சிப்ஸ் தீரும்வரை வராவிட்டால் பெயர் எடுக்கப்படும். நீல டிக் உடனே விழுந்தது. பதில் வரவில்லை.

எழுதினாலும் அது தன் வாயால் சொன்னதுதான். அந்த வீட்டில் வாயால் சொன்னது ஆடியதற்குச் சமம்.

மங்குஸ்தீன் கத்திக் கத்தி டோல் ஏறிக்கொண்டே போனது. ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். இரண்டு மேசை ஒரு மேசையானது. புதுக் குலுக்கலில் சிவப்பு நாற்காலிக்குக் குணேஸ்வரியின் இடப்பக்கமே விழுந்தது. அதன் முன்னால் இருந்த அடுக்கு உயரம் குறைந்து, பிறகு அடுக்கு என்றே சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டது. சிப்ஸ் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவர் கை அதே வேகத்தில்தான் போய் வந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. கண்ணாடியை மட்டும் அடிக்கடி கழற்றித் துடைத்தார்.

அப்போதுதான் அந்தச் சாம்பல் நிறக் கார் எதிர்ப்புறம் வந்து நின்றது. என்ஜின் அணையவில்லை. நாகையா முதலில் பார்த்தார், அவர் பார்த்ததை மாதவி பார்த்தாள், பிறகு மேசை முழுவதும் பார்த்தது. உள்ளே ஆள் இருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போய்விடுவார் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டும். குணேஸ்வரி பார்த்தாரா? அவர் தெருவுக்கு முகம் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

நடந்துகொண்டிருந்த கை முடிந்தது. அடுத்த கைக்கு டோல், சிவப்பு நாற்காலியின் முறை. மிச்சமிருக்கும் சிப்ஸ் அத்தனையும் அதற்கே சரியாகப் போய்விடும். இந்த வீட்டுச் சட்டப்படி முதல் சீட்டு விழும்போது நாற்காலியில் இருந்தால்தான் அந்தக் கை செல்லும். இல்லாவிட்டால் சிப்ஸும் போச்சு, பெயரும் போச்சு. குணேஸ்வரி அந்தக் கடைசிச் சிப்ஸை எடுத்து மேசை நடுவில் வைத்தார். சீட்டுகளைக் கூட்டிச் சேர்த்தார். கலைக்கத் தொடங்கினார்.

அவர் கலைப்பதை மதியம் முழுவதும் பார்த்திருக்கிறேன். மூன்று கலைப்பு, ஒரு வெட்டு, உடனே சீட்டுப் பறக்கும். நாலாவது கலைப்பு என்று ஒன்று கிடையாது.

மூன்று முறை கலைத்தார். வெட்டுவதற்கு நீட்டவில்லை. மறுபடி கலைத்தார்.

எதிர்ப்புறம் என்ஜின் அணைந்தது. கார்க் கதவு திறந்தது. மெலிந்த, நரைத்த மனிதர் ஒருவர் இறங்கி, தெருவைக் கடக்காமல் அங்கேயே நின்றார். சீட்டுகள் சர்ரென்று ஒன்றுக்குள் ஒன்று விழுந்தன, சேர்ந்தன, மறுபடி பிரிந்தன. தியாகராசா முக்காலியை விட்டு எழுந்து வந்து மங்குஸ்தீன் பக்கம் கையை நீட்டினார்.

“தொடாதீங்க,” என்றார் குணேஸ்வரி, தலை நிமிராமல். “அது ஓடட்டும்.”

அது ஓடியது. இவர் கலைத்துக்கொண்டே இருந்தார். எத்தனை முறை கலைக்கலாம் என்று தூணில் இருந்த தாளில் ஒரு வரியும் இல்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். மாதவியும் அந்தத் தாளைப் பார்த்தாள். அவள் கேட்டிருக்கலாம். கேட்கும் உரிமை அவளுக்கு இருந்தது. குச்சிகளை எடுத்து ஒரு முறுக்கை மிக மெதுவாகக் கவ்வினாள்.

கேட்டின் கொக்கி சத்தம் போட்டது. கிரிதரன் உள்ளே வந்து, செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்றார். யார் செய்த பாவமோ, கயிறு கட்டும் சப்பாத்து. குனிந்து ஒரு சப்பாத்தின் கயிற்றை இழுத்தார். முடிச்சு இறுகியிருந்தது. அடுத்த காலுக்குப் போனார்.

“பைப்பு அங்க இருக்கு,” என்றார் குணேஸ்வரி சீட்டுகளிடம். “கை கழுவிட்டு வா.”

கிரிதரன் சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு பைப்பைத் திறந்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மங்குஸ்தீன் டிக் டிக் என்றது. எந்த விநாடியும் கத்திவிடும். குணேஸ்வரியின் இரண்டு கைகளும் சீட்டுகளை விடவில்லை, கண்ணும் சீட்டுகளை விட்டு நகரவில்லை. மேசைக்கடியில் அவருடைய இடது கால் மட்டும் மெல்ல நீண்டு, அந்தச் சிவப்பு நாற்காலியை, ஒருவர் உட்காரும் அளவுக்கு, பின்னால் தள்ளிவிட்டது.